மூணாவது முடி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் என் முதுகுப் பையைப் பார்த்த கண்டக்டர், "வீடு காலி பண்றீங்களா சார்?" என்றார். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை ஏறத்தான் கிளம்பியிருந்தேன். கயிறு, திசைகாட்டி, மடக்குக் கத்தி, ஸ்டவ், ரெண்டு டார்ச்... மொத்தம் 14 கிலோ!

மலையில் கடப்பாறைப் படி. கம்பியைப் பிடித்து ஏறும்போது பை பின்னால் இழுத்தது. கை நழுவியது. கீழே பாதாளம். பின்னால் வந்த பெரியவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் இந்த வாரம் இந்தப் பக்கம் காலி!

அவரிடம் ஒரு துணிப்பைதான். தண்ணீர், வெல்லம், டார்ச், துண்டு.

"தம்பி, சபரிமலைக்கு இருமுடிதான். முன்முடி சாமிக்கு, பின்முடி நமக்கு. நீ பயத்துக்குன்னு மூணாவது முடி கட்டியிருக்கே!"

பி.காம். கணக்குப்படி, சுமந்தது 14 கிலோ. உபயோகித்தது? அவருடைய தண்ணீர்!