புகழை நிறுக்கும் தராசு

ஒரு கவிஞனின் புகழ் எவ்வளவு பெரிது என்பது ஒரு கேள்வி. அப்புகழுக்கு அவன் உரியவன்தானா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு வாதிடுவோர் எக்காலத்தும் உளர். முன்னாளில் என்னிடம் அரபு இலக்கணம் ஓதிய இருவர், அண்மையில் அவ்வாறே வாதிட்டுக்கொண்டு வந்து தீர்ப்புக் கேட்டனர். வழக்கு இம்ரவுல் கைஸைப் பற்றியதன்று. உமறுப் புலவரைப் பற்றியதுமன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஹிப்-ஹாப் கலையில், காலத்தை வென்றவை எனப் பட்டியலிடப்படும் இசைத்தொகுப்புகளுள் எவை அப்பெருமைக்கு உண்மையில் தகுதியானவை என்பதே வழக்கு.

ஒருவர் விற்பனைக் கணக்கைக் காட்டினார். மற்றவரோ, "இன்னார் பெயரிலேயே அல்லாஹ் என்னும் சொல் இருக்கிறது, இன்னார் பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறார், ஆகவே இவர்கள் நம்மவர்கள், இவர்களே உயர்ந்தவர்கள்" என்றார். முதலாமவர் சொன்னது தவறு. இரண்டாமவர் சொன்னது அதனினும் பெருந்தவறு. முன்னது ரசனையில் நேர்ந்த பிழை. பின்னதோ சாட்சியத்தில் நேர்ந்த பிழை. பின்னது நம் எழுத்தாளர் சிலரிடமும் காணப்படுவதால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

'மதரஸாவில் ஓதிக்கொடுப்பவருக்கு இதில் என்ன வேலை?' என்று சிலர் கேட்கக்கூடும். இசைக்கருவிகளைப் பற்றிய ஃபிக்ஹுச் சட்டம் வேறு வாதம். அதனை அதற்குரிய இடத்தில் பேசலாம். இங்கே நாம் எடுத்துக்கொண்டது சொல்லின் தரம். உமையா இப்னு அபிஸ்ஸல்த் இஸ்லாத்தை ஏற்காதவர். அவருடைய கவிதைகளைப் பெருமானார் (ஸல்) ஒரு ஸஹாபியிடம் மேலும் மேலும் சொல்லக் கேட்டு, நூறு அடிகள் வரை செவிமடுத்தார்கள் என்னும் செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பிறர் கவிதையைக் கேட்டறிந்து மதிப்பிடுவது நமக்குப் புதிய வழக்கமன்று.

இனி, தராசு எது? ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ, கவிஞர்களை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கு நால்வராக அமர்த்தினார். அதே நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு குதைபா கவிதையை நான்கு கூறாக்கினார். சொல்லும் பொருளும் சிறந்தவை ஒன்று. சொல் சிறந்து பொருள் இல்லாதவை இரண்டு. பொருள் சிறந்து சொல் குன்றியவை மூன்று. இரண்டும் குன்றியவை நான்கு. பழையது என்பதற்காக ஒன்றை உயர்த்துவதும் புதியது என்பதற்காக ஒன்றைத் தாழ்த்துவதும் முறையன்று என்றும் அவர் உரைத்தார். 'லஃப்ளு', 'மஃனா' என்னும் இவ்விரு தட்டுகள் போதும். வேறு தராசு வேண்டுவதில்லை.

இக்கலையின் பிறப்பைச் சுருங்கச் சொல்லிவிடலாம். 1973 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுகளின் தாளப் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்தார். அதனையே இக்கலையின் தொடக்கமாகக் கொள்வர். பின்னர் அத்தாளத்தின் மீது எதுகையோடு சொற்களை அடுக்கிச் சொல்லும் 'ராப்' வளர்ந்தது. இராகம் குறைவு, சொல்லே தலைமை. அரபியில் ஒப்புச் சொல்வதாயின் 'ரஜஸ்' யாப்பும் 'ஸஜ்உ' நடையும் இதற்கு நெருங்கிய உறவினர் எனலாம்.

முதலில் பொய்த் தராசுகளை ஒதுக்குவோம்.

விற்பனை ஒரு பொய்த் தராசு. 1990இல் வெளியான எம்.சி. ஹேமரின் தொகுப்பு அமெரிக்கப் பட்டியலில் 21 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது; ஒரு கோடிப் படிகளைக் கடந்தது. இன்று அதனைத் தலைசிறந்தது என்று வாதிட யார் முன்வருகிறார்? சந்தை கூடுவதும் கலைவதும் சந்தையின் இயல்பு.

மரணம் மற்றொரு பொய்த் தராசு. டூபாக் ஷக்கூர் 1996 செப்டம்பரில் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'ஆல் ஐஸ் ஆன் மீ' 27 பாடல்கள் கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவது. அதில் பாதிக்கு மேல் வெறும் ஆரவாரம். முந்தைய ஆண்டு அவர் சிறையில் இருந்தபோது வெளியான 'மீ அகைன்ஸ்ட் த வேர்ல்ட்' தொகுப்பில் அச்சமும் தாயன்பும் தன்னைத் தானே குற்றஞ்சாட்டும் நேர்மையும் உள்ளன. ஆயினும் பெரும் புகழ் மற்றதற்கே போயிற்று. இறந்தவருக்காக வருந்துவது மனிதப் பண்பு. அவ்வருத்தத்தைத் தராசில் கல்லாக வைப்பது நீதியன்று.

மூன்றாவது பொய்த் தராசுதான் நம்மவர் கையில் உள்ளது. 1987இல் எரிக் பி. - ராக்கிம் இருவரும் வெளியிட்ட 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பை எடுத்துக்கொள்வோம். ராக்கிம் தமக்கு 'அல்லாஹ்' என்னும் பெயரைச் சூட்டிக்கொண்டவர். இதைக் கண்டு 'இஸ்லாத்தின் வெற்றி' என்று மகிழ்வோர், அப்பெயர் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்களா? 1964இல் ஹார்லமில், நேஷன் ஆஃப் இஸ்லாமை விட்டு வெளியேறிய கிளாரன்ஸ் 13எக்ஸ் என்பவர் தொடங்கிய 'ஐந்து விழுக்காட்டினர்' இயக்கத்திலிருந்து வந்தது அது. கறுப்பின ஆணே இறைவன் என்பது அவ்வியக்கத்தின் போதனை. தவ்ஹீதைப் பாடமாக ஓதியவர்கள் இதனை எந்தப் பெயரால் அழைப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வியக்கத்தார் தம்மை முஸ்லிம்கள் என்று அழைத்துக்கொள்வதுகூட இல்லை. அவர்களே கோராத உறவை நாம் ஏன் வலிந்து கொண்டாட வேண்டும்?

இதைக் கேட்டதும், "அப்படியானால் ராக்கிமைத் தூக்கி எறிவோம்" என்று புறப்படுவோரும் உளர். அதுவும் அநீதியே. முதனப்பியைப் பற்றி 'அல்வஸாத்தா' எழுதிய அலீ இப்னு அப்துல் அஸீஸ் அல்ஜுர்ஜானீ ஒரு காஜி. மார்க்கத் தீர்ப்பு வழங்கும் இருக்கையில் அமர்ந்தவர். கொள்கைக் கேடு கவிஞனின் தரத்தைத் தாழ்த்துமானால் அபூ நுவாஸின் பெயரையே ஏடுகளிலிருந்து அழித்திருக்க வேண்டும் என்னும் கருத்தை எழுதியவர் அவரே. அக்தல் கிறிஸ்தவர், இப்னு ஸல்லாம் அவரை இஸ்லாமியக் காலக் கவிஞரின் முதல் வகுப்பில் ஜரீர், ஃபரஸ்தக் ஆகியோருக்குப் பக்கத்தில் அமர்த்தினார். முன்னோரின் நெஞ்சுரம் அது.

ஆகவே, சொல்லைக் கொண்டு ராக்கிமை நிறுப்போம். அவருக்கு முன்பு பாடியோர் பெரும்பாலும் அடியின் இறுதியில் மட்டும் இயைபு வைத்தனர். அவரோ அடியின் நடுவிலும் இயைபுகளைக் கோத்து, ஓர் அடியின் பொருளை அடுத்த அடிக்குள் ஓடவிட்டு, உரத்த குரலின்றி அமைதியாகச் சொன்னார். அவருக்குப் பின் வந்தோர் பழைய முறைக்குத் திரும்ப முடியவில்லை. கவிஞர் முதல் வகுப்பினர், ஐயமில்லை. ஆனால் தொகுப்பு? பத்துத் தடங்களில் மூன்றில் அவர் கவிதையே இல்லை. வெறும் இசைத்தட்டு வித்தை. கவிஞனுக்குரிய புகழைத் தீவானுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள் என்பதே என் தீர்ப்பு.

1988இல் பப்ளிக் எனிமி குழுவினர் வெளியிட்ட 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ்' பற்றி விரிவாகப் பேச வேண்டும். பழைய இசைத்தட்டுகளின் துணுக்குகள் பலவற்றை அடுக்கடுக்காய்க் கோத்து எழுப்பிய கட்டடம் அது. 'பிறர் பொருளைத் திருடியவர்கள்' என்பது இவர்களைப் போன்றோர் மீது வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றம். 1991இல் வேறொரு பாடகர் மீதான வழக்கில் நியூயார்க் நீதிபதி ஒருவர், திருட்டை விலக்கும் வேதக் கட்டளையையே முதல் வரியாக வைத்துத் தீர்ப்பு எழுதினார். 'தல்கீஸுல் மிஃப்தாஹ்' ஓதியவர்களுக்கு இவ்விவாதம் பழகியதே. 'ஸரிகா' என்னும் திருட்டு வேறு; 'தள்மீன்' என்னும் எடுத்தாளுகை வேறு. பிறர் கவிதையை அப்படியே பெயர்த்து வைப்பது 'நஸ்கு', அது இழிவு. எடுத்ததைப் புதிய பொருளுக்கு ஊழியம் செய்ய வைப்பது கலை. இத்தொகுப்பில் நடனத்துக்கென அடித்த தாளங்கள் அபாயச் சங்கைப் போல் ஒலிக்கின்றன. ஆகவே இது திருட்டன்று.

எனினும் ஒரு கடன் மிஞ்சுகிறது. ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு என்பவர் அடித்து, 1970இல் வெளியான ஒரு தாளத்தை இவர்களும் எடுத்தாண்டனர், நூற்றுக்கணக்கானோர் எடுத்தாண்டனர். பாடலாசிரியராகப் பதிவு செய்யப்படாமையால் அவருக்கு அதற்கான உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2017இல் அவர் இறந்தார். வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் இதனைக் கவனிக்காமல் கடந்து செல்லலாகாது.

பொருளைப் பார்த்தால், சிறையையும் காவலரையும் செய்தி நிறுவனங்களையும் நேர் நின்று கேள்வி கேட்ட தொகுப்பு அது. சூரா அஷ்ஷுஅராவின் இறுதியில் கவிஞர்களைக் கண்டித்த இறைவன், அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொள்ளும் நல்லடியார்க்கு விலக்களித்தான். அவ்விலக்கை இவர்களுக்கு உரிமையாக்க நமக்கு அதிகாரமில்லை. ஆயினும் அநீதிக்கு எதிரான சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு என்பதை அதிலிருந்து அறிகிறோம். மறுபுறம், இக்குழுவைச் சேர்ந்த ஒருவர் 1989இல் யூதர்களைப் பற்றிப் பொதுவாகப் பழித்துப் பேசினார். அது அநீதி. ஒரு சமூகத்துக்காக நீதி கேட்கும் வாய் இன்னொரு சமூகத்தைப் பழிக்குமானால் அதன் வலிமை குன்றும். இதனையும் சேர்த்து நிறுத்த பின்னும் தொகுப்பு முதல் வகுப்பிலேயே நிற்கிறது.

டாக்டர் ட்ரேயின் 'த க்ரானிக்' 1992இல் வந்தது. ஒலியமைப்பில் அதற்கு இணையானவை மிகச் சில. பொருளோ? தொகுப்பின் பெயரே கஞ்சாவைக் குறிக்கும். கொலைக்கும் பெண்ணிழிவுக்கும் அதில் பெருமிதமே உண்டு, வருத்தம் இல்லை. 1991இல் அவர் ஒரு பெண் பத்திரிகையாளரைத் தாக்கினார். குற்றச்சாட்டை நீதிமன்றத்தில் எதிர்த்து வாதிடவில்லை. தாம் புண்படுத்திய பெண்களிடம் 2015இல் மன்னிப்புக் கோரினார். அம்மன்னிப்பை ஏற்பதும் மறுப்பதும் அப்பெண்களின் உரிமை. நம் வேலை தொகுப்பை நிறுப்பது. இப்னு குதைபாவின் இரண்டாம் கூறு இது: சொல் உண்டு, பொருள் இல்லை.

"நாஸ் என்பவரின் 'இல்மேட்டிக்' தொகுப்பிலும் துப்பாக்கியும் போதைப்பொருளும் வருகின்றனவே, அதை மட்டும் ஏன் உயர்த்துகிறீர்?" என்று கேட்பர். விடை அரபுக் கவிதையின் துறைகளிலேயே உள்ளது. 'ஃபக்ரு' என்பது தற்பெருமை. 'வஸ்ஃபு' என்பது உள்ளதை உள்ளவாறு வருணித்தல். 'த க்ரானிக்' பெரும்பாலும் ஃபக்ரு. 'இல்மேட்டிக்' பெரும்பாலும் வஸ்ஃபு. 1994இல் அது வெளிவந்தபோது நாஸுக்கு வயது 20. குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பின் படிக்கட்டுகளையும் சன்னலோரத்தையும் அவர் காட்டுகையில், கேட்பவருக்கு அவ்வாழ்வின் மீது ஆசை வருவதில்லை. அங்கே வளரும் பிள்ளைகளை எண்ணி நெஞ்சு கனக்கிறது. சிறையிலுள்ள நண்பருக்கு எழுதும் கடிதமாகவே ஒரு பாடலை அமைத்திருக்கிறார். முன்னுரையோடு பத்தே தடங்கள்; ஏறத்தாழ 40 நிமிடம். விற்பனை மெதுவாகவே ஏறியது. குறை இல்லாமலில்லை, இளமைத் தருக்கு இடையிடையே தலைகாட்டுகிறது. ஆனால் புகழுக்கு முழுத் தகுதி உண்டு.

எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் குழுவின் 'த லோ எண்ட் தியரி' (1991) இன்னொரு நல்ல சோதனை. குழுவினருள் அலீ ஷஹீத் முஹம்மத் முஸ்லிம். கியூ-டிப் பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவினார். இத்தொகுப்பில் அதைப் பற்றிய விளம்பரம் ஏதுமில்லை. ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டரின் தந்தி ஒலியோடு, நண்பர் இருவர் அளவளாவுவது போன்ற இயல்பான சொல்லாட்சி. இசை வணிகரின் வஞ்சனையைத் தோலுரிக்கும் துணிவு. பெயர்ப்பலகை இன்றியே இது தன் தகுதியால் நிற்கிறது.

பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கும் தொகுப்பு, மாஸ் டெஃப் (இன்று யாஸீன் பே) 1999இல் வெளியிட்ட 'பிளாக் ஆன் போத் சைட்ஸ்'. தண்ணீர் பணமுள்ளவன் பண்டமாகிவிட்டதைப் பற்றிய பாடலும், எண்களைக் கொண்டே ஏழைகளின் நிலையைக் கணக்கிடும் பாடலும் அதில் உள்ளன. நல்ல தொகுப்பு. ஆனால் 70 நிமிடத்துக்கு மேல் நீள்வதால் பிற்பகுதி தளர்கிறது. இரண்டாம் வகுப்பு என்பேன். பிஸ்மில்லாஹ் ஒரு செயலுக்கு பரக்கத்தைத் தரும். யாப்புப் பிழையைத் திருத்தாது.

கடைசியாக, லாரின் ஹில்லின் 1998ஆம் ஆண்டுத் தொகுப்பு, 'த மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்'. ஆண்டின் சிறந்த தொகுப்பு என்னும் கிராமி விருதை ஹிப்-ஹாப்புக்கு முதன்முதல் பெற்றுத் தந்தது இது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் உருவாக்கிய தனித்தொகுப்பு இஃதொன்றே. ஒன்றைக் கொண்டு ஒருவரை உயர்த்தலாமா? இப்னு ஸல்லாம் தரஃபாவை, தகுதியில் முதல்வரிசையினர் என்று ஒப்புக்கொண்டும், கவிதை குறைவு என்பதற்காக நான்காம் வகுப்பில் வைத்தார். அப்பேரறிஞரிடம் இவ்விடத்தில் பணிவுடன் மாறுபடுகிறேன். தொழில் கெடும் என்று பிறர் சொல்லியும் குழந்தையைப் பெற்றெடுக்கத் துணிந்த தாயின் பாடல் ஒன்றே இத்தொகுப்பை வாழவைக்கும். உடனுழைத்த இசைக்கலைஞர் நால்வர், தம் பங்குக்கு உரிய பெயர் தரப்படவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். 2001இல் அது சமரசத்தில் முடிந்தது. கூலிக் கணக்கு இங்கும் நம்மைத் தொடர்கிறது.

இப்னு ஸல்லாமின் முறைப்படி முதல் வகுப்பில் நான்கை அமர்த்துகிறேன்: பப்ளிக் எனிமி, எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட், நாஸ், லாரின் ஹில் ஆகியோரின் தொகுப்புகள். மறுப்போர் மறுக்கலாம், சொல்லையும் பொருளையும் காட்டி மறுக்கட்டும். விற்பனைச் சீட்டையோ இறப்புச் செய்தியையோ பெயரிலுள்ள ஓர் அரபுச் சொல்லையோ காட்டி மறுக்க வேண்டாம்.

நம்முடையது என்பதற்காகக் குறைந்ததைக் கூட்டிச் சொல்வதும் பொய்ச் சாட்சியமே. நம்முடையதன்று என்பதற்காக உயர்ந்ததை மறைப்பதும் பொய்ச் சாட்சியமே. கவிதை சிறிய பொருள்தானே என்று அங்கே தராசைச் சாய்ப்பவர், நாளை பெரிய பொருளிலும் சாய்ப்பார். அளவில் மோசடி செய்வோரில் சேராமல், விரும்பியதிலும் வெறுத்ததிலும் நேர்நின்று நிறுக்கும் உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.