தடயத்தை அழிக்கும் வைத்தியம்

நம்மூர்க் கணினி திருத்தும் கடைகளில் இப்பொழுது ஒரேயொரு மருந்துதான் கையிருப்பில் உள்ளது. தலையிடி என்று போனாலும் அதுதான். காலில் முள் என்று போனாலும் அதுதான். ‘போமற்’ என்பது அதன் செல்லப்பெயர். வட்டிலுள்ள அனைத்தையும் துடைத்தழித்துவிட்டு இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுப்பார்கள். கணினி பளிச்சென்று வீடு திரும்பும். நோய் என்னவென்று யாருக்கும் தெரியாது. கேட்டால், ‘இனிப் பிரச்சினை வராது’ என்பார்கள். இந்த வைத்தியத்தின் மீது இப்பத்தியாளனுக்கு நீண்டகாலமாகவே வழக்கு உண்டு. அண்மையில் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது, அதை எழுத்தில் வைக்கத் தூண்டியது.

நண்பர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். எண்பதை அண்மித்தவர். கணினித் திரையில் விமானம் ஓட்டுவது அவருடைய பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபிப்பார். அது அவருடைய மாலைக் கடமை. இரத்மலானையில் சிறிய செஸ்னா விமானத்தில் ஏறி, மேற்குக் கரையோரமாகவோ உள்நாட்டு வழியாகவோ வடக்கே பறந்து, பலாலியில் இறங்குவார். இறங்கிய நேரத்தையும் காற்றின் திசையையும் கொப்பியொன்றில் குறித்துவைப்பார். சென்ற ஆண்டு அந்த மென்பொருள், புறப்பட்டு ஏறத்தாழ இருபது நிமிடங்களில் திடீரென நின்று மூடிக்கொள்ளத் தொடங்கியது. குருநாகலைத் தாண்ட முடியவில்லை. கடையொன்றுக்குக் கொண்டுசென்றார். மறுநாளே திருப்பிக் கொடுத்தார்கள். விண்டோஸ் புதிது, மென்பொருளும் புதிதாக நிறுவப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து இயக்கினால், ஓடுபாதை திரையில் தோன்றும் முன்னரே மூடிக்கொள்கிறது.

“தம்பி, முந்திக் குருநாகல் மட்டுமாவது போனன். இப்ப இரத்மலானையிலயே நிக்கிறன்” என்றார் தொலைபேசியில்.

இதைச் சொல்லி அவர் சிரித்தார். சிரிக்க முடியாத செய்தி இரண்டு நாள் கழித்தே வந்தது. 1995 இடம்பெயர்வின்போது கையோடு எடுத்துவந்த படத்தொகுப்பு ஒன்று அவரிடம் இருந்தது. பின்னர் அதைச் செல் அரித்துவிட்டது. அரிப்பதற்கு முன் பேரப்பிள்ளை ஒருவன் வருடி எடுத்துக் கணினியில் இட்டுவைத்த பிரதிகளே எஞ்சியிருந்தன. அந்தக் கோப்புறையும் துடைத்தழிக்கப்பட்டுவிட்டது. கடைக்காரர் கேட்கவில்லை, அதிபருக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. கனடாவிலுள்ள மகளுக்கு எப்போதோ மின்னஞ்சலில் அனுப்பிய ஏழு படங்கள் மட்டும் மீண்டன. தாயாருடைய படம் அந்த ஏழில் இல்லை.

பின்னர் அவருடைய பழைய மாணவரொருவர், பொறியியலாளர், வந்து கணினியின் முன் அமர்ந்தார். அவர் முதலிற் செய்த காரியம், எதையும் அழிக்காமல் வாசித்ததுதான். விண்டோஸில் ‘ஈவென்ற் வியூவர்’ என்றொரு பதிவேடு உண்டு. எந்த மென்பொருள், எத்தனை மணிக்கு, எந்தக் கூறு பிழைவிட்டதால் நின்றது என்பதை அது தானாகவே எழுதிவைக்கும். பொலிஸ் நிலையத்து முறைப்பாட்டுப் புத்தகம் போன்றது. அதில் திரையியக்கியின் பெயர் இருந்தது. புதிய விண்டோஸ், திரை அட்டைக்குரிய சரியான இயக்கி இல்லாமல் பொதுவான ஒன்றைக்கொண்டு ஒப்பேற்றியிருந்தது. வன்பொருளைக் கசக்கிப் பிழியும் இத்தகைய மென்பொருளுக்கு அது போதாது. சரியான இயக்கியை நிறுவியதும் விமானம் எழுந்தது. எழுந்து, முன்போலவே குருநாகலுக்குக் கிட்டப் போய் மீண்டும் விழுந்தது!

பிறகுதான் பெட்டியைத் திறந்தார்கள். திரை அட்டையின் விசிறியில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. இருபது நிமிடம் ஓடினால் சூடேறும், சூடேறினால் அட்டை தடுமாறும், மென்பொருள் நிற்கும். ஒரு தூரிகை செய்த வேலையில் அன்று மாலை அதிபர் பலாலியில் இறங்கினார்.

ஆக, உண்மையான நோய் விசிறியில். கடைக்காரர் செய்த வைத்தியம் வட்டில். நோயைத் தொடாமல் விட்டது மட்டுமன்றி, இல்லாத இன்னொரு நோயையும் உண்டாக்கி, அதற்குமேல் ஒரு குடும்பத்தின் படங்களையும் அழித்தது. இவை எல்லாவற்றினும் என்னை உறுத்துவது வேறொன்று. பழைய பதிவேட்டில், ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ அதே இருபதாவது நிமிடத்தில் திரையியக்கி பதிலளிக்காது நின்றது என்ற குறிப்புகள் வரிசையாக இருந்திருக்கும். வாசிக்கத் தெரிந்தவனுக்கு ஐந்து நிமிட வேலை. ‘போமற்’ முதலில் அழித்தது அந்தச் சாட்சியத்தைத்தான்.

ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைக்கு வந்தவன் நான். பக்கத்தில் ஒரு பிழை கண்டால், கோத்த எழுத்துகள் அனைத்தையும் கலைத்து அறைகளில் போட்டுவிட்டு மறுபடி கோக்கும்படி எந்த அச்சுக்கூட மேற்பார்வையாளரும் சொன்னதில்லை. மூலப் படியை எடு, ஒப்புநோக்கிய தாளை எடு, பிழை எங்கே புகுந்தது பார் என்பார். எழுதியவனா, கோத்தவனா, ஒப்புநோக்கியவனா என்பது தெரிந்தாகவேண்டும். தெரியாவிட்டால் நாளையும் அதே பிழை வரும்.

விளையாட்டு மென்பொருளுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்போர் இருப்பர். மெய்யான விமானத்தின் கதையையே பார்ப்போம். 1954 ஜனவரி 10 இல் பிரித்தானியாவின் கொமெற் ஜெற் விமானமொன்று உரோமிலிருந்து கிளம்பி, எல்பாத் தீவுக்கு அருகே வானில் சிதறி 35 பேர் மாண்டனர். சேவை இடைநிறுத்தப்பட்டது. காரணம் உறுதிப்படவில்லை, தீப்பிடித்திருக்கலாம் என்ற ஊகம் மேலோங்கியது. ஊகத்துக்கேற்பப் பல மாற்றங்களைச் செய்து, மார்ச் 23 இல் விமானங்களை மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8 இல் மற்றொரு கொமெற் நேப்பிள்ஸுக்கு அருகே கடலில் வீழ்ந்து 21 பேர் மாண்டனர். அதன் பிறகே, கடலடியிலிருந்து பொறுக்கிய துண்டுகளைத் தரையில் ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். ஃபார்ன்பரோவில் முழு விமானமொன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். உடற்சுவர் வெடித்தது. மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் மாறிமாறி வரும் அழுத்தத்தால், திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்துப் பிளந்தது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. முதல் விபத்தின் துண்டுகளைக் குப்பையென்று விட்டிருந்தால் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது. விமானிகள் பழகுவதற்கென்றே பிறந்த ஒரு மென்பொருள்வகையை, விமானத்துறை கற்ற முதற்பாடத்துக்கு நேர்மாறான முறையில் திருத்துகிறோம்.

இனி, ‘மீள நிறுவினால் சரியாகும்’ என்ற நம்பிக்கையை அதன் சொந்தக் களத்திலேயே சோதிப்போம். மைக்ரோசொப்ற் 2006 இல் வெளியிட்ட ‘பிளைற் சிமுலேற்றர் எக்ஸ்’ மென்பொருளை இன்றும் பேணிவருவோர் உலகெங்கும் உள்ளனர். விண்டோஸ் 7 இல் அதன் மேற்பட்டியல்களைப் பலமுறை திறந்து மூடினால் அது வீழ்ந்துவிடும் என்பது பயனர்கள் நன்கறிந்த குறை. குற்றவாளி ‘யூஐ ஓட்டோமேஷன் கோர்’ என்ற கோப்பு, விண்டோஸோடு வருவது. முந்திய பதிப்பொன்றை மென்பொருளின் கோப்புறைக்குள் வைத்தால் குறை நீங்கும் என்பதைப் பயனர்களே கண்டறிந்தனர். (முகம்தெரியாத தளங்களிலிருந்து அக்கோப்பை இறக்குவது வேறொரு வம்பு, பழைய விண்டோஸ் வட்டு உள்ளவர் அதிலிருந்து எடுப்பதே மேல்.) சிந்தித்துப் பாருங்கள்: குற்றம் செய்யும் கோப்பே விண்டோஸின் அங்கமாக இருக்கையில், விண்டோஸைப் பத்துமுறை மீள நிறுவினால் அக்கோப்பு பத்துமுறை திரும்பி வரும். வேறென்ன நடக்கும்?

இன்னொன்று: அது 32-பிற் மென்பொருள். எவ்வளவு நினைவகம் பூட்டினாலும் 4 ஜிகாபைற்றுக்கு மேல் அதனால் ஆள முடியாது. கனத்த நிலக்காட்சிகளையும் விமானங்களையும் ஏற்றினால் நினைவகம் தீர்ந்து வீழும். காட்சிச் செறிவைக் குறைப்பதே அதற்கு வழி. இயங்குதளம் என்ன செய்யும், பாவம்.

மீள நிறுவுதலே உண்டாக்கும் வீழ்ச்சிகள் தனி வகை. பழைய மென்பொருள்கள் தேடும் டைரக்ட்எக்ஸ் 9 இன் துணைக்கோப்புகள் பல புதிய விண்டோஸில் இரா. 2010 ஜூனில் மைக்ரோசொப்ற் வெளியிட்ட தொகுப்பைத் தனியே நிறுவவேண்டும். 2007 இல் வந்த இரண்டு திருத்தத் தொகுப்புகளையும் வரிசைப்படி இடவேண்டும். கடைக்காரருக்கு அவை இருப்பதே தெரியாது. ‘புரோகிராம் பைல்ஸ்’ கோப்புறைக்குள் நிறுவினால் எழுதும் அனுமதி மறுக்கப்பட்டு இணைப்புகள் தடுமாறுவதுண்டு. வெளியார் செய்த இணைப்புகளைத் தொடக்கத்திலேயே அழைக்கும் ‘டிஎல்எல்.எக்ஸ்எம்எல்’ என்ற சிறு கோப்பு, இல்லாத ஒன்றை அழைத்துக்கொண்டிருக்கக்கூடும். அதன் பெயரைத் தற்காலிகமாக மாற்றிப் பாருங்கள். ‘எப்எஸ்எக்ஸ்.சிஎப்ஜி’ என்ற அமைப்புக் கோப்புக்கும் அதுவே வழி. மென்பொருள் புதியதொன்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். பெயர்மாற்றம் என்றே சொல்கிறேன். அழிக்கச் சொல்லவில்லை. பயனில்லையெனில் பழைய பெயரைத் திருப்பி வைக்கலாம். அழித்ததைத் திருப்ப இயலாது.

இந்த வைத்தியத்தின் அடியில், ஒருமுறை நிறுவியதை எப்போதும் நிறுவலாம் என்ற எண்ணம் கிடக்கிறது. அதுவும் பொய். 2003 இல் வந்த ‘பிளைற் சிமுலேற்றர் 2004’ ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இறுவட்டு அசலானதா என்று சோதிக்க அதில் சேவ்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதற்குத் துணையான இயக்கி பாதுகாப்புக்கு ஊறானது என்று கண்டு, 2015 செப்டெம்பரில் மைக்ரோசொப்ற் அதை விஸ்ரா, விண்டோஸ் 7, 8 ஆகியவற்றில் முடக்கியது. விண்டோஸ் 10 அதை ஏற்பதேயில்லை. பாதுகாப்புக் காரணம் நியாயமானதே. ஆனால் விளைவு என்ன? காசு கொடுத்து அசல் இறுவட்டு வாங்கியவர் புதிய விண்டோஸில் வாசலில் நிற்கிறார். பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிக்காரருக்கு எந்தத் தடையும் இல்லை! தான் விற்ற பூட்டுக்குத் தானே சாவியை அழிப்பவர், வட்டுச் சோதனையை நீக்கும் இறுதித் திருத்தமொன்றை வெளியிடக் கடமைப்பட்டவர் என்பதே என் கட்சி. 2020 இல் வெளியான புதிய சிமுலேற்றரின் ஐரோப்பியப் பெட்டிப் பதிப்பு 10 இறுவட்டுகளில் வந்தது. அப்படியிருந்தும் உலகத்தின் விரிவான காட்சி இணையத்தினூடாகவே பாய்கிறது. மெதுவான இணைப்புள்ள கிராமத்து வீட்டில் ‘அழித்துவிட்டுத் திரும்பப் போடு’ என்பது ஒரு கிழமை வேலை.

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு. வாடிக்கையாளர் இன்றே வேண்டும் என்கிறார். நோய் தேடும் மூன்று மணித்தியாலத்துக்கு யாரும் காசு தரமாட்டார். துடைத்து நிறுவுவதற்குத் தருவார். ஆழமாக வைரஸ் புகுந்த கணினிக்கும் வட்டே பழுதான கணினிக்கும் புதிதாக நிறுவுவதைவிட வேறு கதியில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்குகூட, முதலில் கோப்புகளைப் பிரதி எடுப்பது ஒரு மணித்தியால வேலை. வட்டைத் துடைக்காமல் மேலாக நிறுவினால் பழைய கோப்புகளை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் விண்டோஸே சிலகாலம் ஒதுக்கி வைக்கிறது. இவ்வளவு வசதி இருந்தும் கேளாமல் துடைப்பதை அவசரம் என்று மன்னிக்க என்னால் முடியவில்லை.

உற்பத்தியாளர்களும் தப்ப முடியாது. ‘மென்பொருள் இயங்குவதை நிறுத்திவிட்டது’ என்று திரையில் எழுதுகிறார்களே, அதைத்தான் நாமே கண்ணாற் காண்கிறோமே! ஏன் நின்றது என்பதை உள்ளே பதிவேட்டில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, வெளியே சாதாரண மனிதனுக்குச் சொல்ல என்ன தடை? விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 இல் முடிவடைந்தது. அதையொட்டிப் பழைய கணினிகள் பல இக்கடைகளுக்குத்தான் போகின்றன. கொண்டுசெல்வோர் இரண்டு கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: எது பிழை என்று கண்டீர்கள்? எதை அழிக்கப் போகிறீர்கள்? முதலாவதற்கு விடையில்லையென்றால் இரண்டாவதற்கு அனுமதி கொடுக்காதீர்கள்.

அதிபர் இப்பொழுது கணினியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் வட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். வட்டில்லாமல் எப்படித் திருத்துவது என்று கடைக்காரர் கோபிக்கிறாராம். விசிறியைத் துடைக்க வட்டு எதற்கு என்று இவர் கேட்கிறாராம்.