சமைப்பவரை மாற்ற மாட்டோம்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சமூகச் சமையலறை தொடங்கும் தோழர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்களுடைய எக்செல் ஷீட். அரிசி எவ்வளவு, அடுப்பு எத்தனை மணிக்கு, பரிமாறுவது யார் என எல்லாம் அதில் இருக்கும். அது தேவைதான், கணக்குத் தவறினால் பசியோடு நிற்பது குழந்தைகள். ஆனால், சமைப்பவர் தலித் என்பதற்காகத் தட்டைத் தள்ளினால் என்ன செய்வது? அதற்கு அந்த ஷீட்டில் கட்டம் இல்லை.

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தனர். அதிகாரிகள் அந்தப் பெண்ணையே இடமாற்றம் செய்தனர். நிர்வாகக் கணக்கில் சிக்கல் முடிந்தது. போராட்டம் எழுந்த பிறகே உத்தரவு ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது.

தலைமைத்துவம் பற்றி எழுதிய ரொனால்ட் ஹைஃபெட்ஸ் சிக்கல்களை இரண்டாகப் பிரிக்கிறார்: வழிமுறை தெரிந்தால் தீர்பவை, மனிதர்கள் மாறினால்தான் தீர்பவை. அரிசி வராதது முதல் வகை; சாதி இரண்டாம் வகை. இரண்டையும் குழப்பினால் விலை கொடுப்பவர் தலித் பெண்தான்.

எனவே, மளிகைப் பட்டியலுக்கு முன்பே தீர்மானம் எழுதுவோம்: யார் மறுத்தாலும் சமைப்பவரை மாற்ற மாட்டோம். மறுப்பவர் வீட்டுக்குப் போய்ப் பேசுவது தலித் அல்லாத தோழர்களின் வேலை. அதற்கும் ஷீட்டில் பெயரும் தேதியும் போடுங்கள்.