பாயிரம் உரைப்பார் யார்?

நூலொன்றை ஆக்கியோன் அந்நூலின் சிறப்பைத் தானே எடுத்துரைத்தல் தகாது என்பது நம் இலக்கண நூலார் கொள்கை. பல துறையும் கற்றுத் தேர்ந்த புலவனேயாயினும் தன்னைத் தான் புகழ்தல் பொருந்தாதென்று பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரவியலிலே விலக்குகின்றார். விலக்கியவர் அவ்வளவில் அமைந்தாரல்லர். அப்பணிக்குரியார் நால்வரையும் வகுத்துக் காட்டினார். நூலாசிரியனுக்குக் கற்பித்த ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவனிடத்துக் கற்ற மாணாக்கன், நூலுக்கு உரை காணத் தக்க உரைகாரன் என்போர் அந்நால்வராவர்.

இம்மலரைக் கையிலெடுப்போர் யாவர் என்று எண்ணிப் பாருங்கள். கற்பிக்கும் ஆசிரியர்; ஒருங்கு கற்றுப் பிரிந்த பழைய மாணவர்; இன்று கற்கும் மாணவர். நால்வருள் மூவர் இங்கேயே இருக்கின்றனர். நான்காமவராகிய உரைகாரர் தோன்றுவதும் இம்மூவரிடையிலிருந்தேயாம். ஆகவே, சொந்தப் பணத்திலே கதைநூல் அச்சிட்டு, அதனைத் தாமே சுமந்து சென்று விற்கும் நம் நாட்டு எழுத்தாளரைப் பற்றிச் சில கூறுதற்கு இம்மலரினும் ஏற்ற இடம் பிறிதில்லை.

நம் நாட்டிலே ஒரு சிறுகதைத் தொகுதியோ நாவலோ வெளிவரும் முறையை அறியாதார் பலர். எழுத்தாளர் தம் சேமிப்பை எடுத்து அச்சகத்தாரிடம் கொடுக்கின்றார். அச்சுப்பிழை பார்ப்பவரும் அவரே. அட்டைப்படத்துக்கு ஓவியரைத் தேடுபவரும் அவரே. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு எழுதி நூலுக்குரிய இலக்கத்தைப் பெறுபவரும் அவரே. 300 பிரதியோ 500 பிரதியோ அச்சாகிக் கட்டுக்கட்டாக வீடு வந்து சேர்கின்றன. பின்னர் மண்டபத்துக்கு வாடகை; அழைப்பிதழுக்குச் செலவு; வந்தோர்க்குத் தேநீர். கடைக்காரர் சில பிரதிகளை ஏற்று, விற்றபின் தம் கழிவு போக எஞ்சியதைத் தருவதாகச் சொல்லுவர். மிகுந்த கட்டுகள் வீட்டிலே கட்டிலின் கீழே கிடக்கின்றன. நூல் எழுதுவதற்குச் செலவிட்ட காலத்தினும் அதனை விற்பதற்குச் செலவிடுங் காலமே அவர்க்கு மிகுதியாகின்றது.

இவரைக் கண்டு, "தம் புத்தகத்தைத் தாமே கூவி விற்கின்றார்" என்று நகைப்பார் நம்மிடையே உளர். நகைப்போர் நன்னூலின் அடுத்த சூத்திரத்தையும் நோக்குதல் வேண்டும். தற்புகழ்ச்சியை விலக்கிய அவ்வாசிரியரே, அது குற்றமாகாத இடங்கள் நான்கெனக் கூறி விலக்குக்கும் விலக்குக் காட்டினார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போது ஒன்று; தன் ஆற்றலை உணராதாரிடையே நிற்கும்போது ஒன்று; அவையிலே வாதித்து வெல்லவேண்டியபோது ஒன்று; எதிரி தன்னைப் பழித்தபோது ஒன்று. இவற்றுள் இரண்டாவதே நம் எழுத்தாளர் நிலை. அவருடைய ஆற்றலை அறிந்து உரைக்கவேண்டிய நாம் வாய் திறவாதிருக்கின்றோம். அதனால் அவர் தாமே வாய் திறக்கின்றார். குறை யாரிடத்ததென்று சொல்லவும் வேண்டுமோ?

தம் நூலைத் தாமே பரப்புதல் நம் மரபுக்குப் புதியதன்று. ஆறுமுக நாவலர் 1849 ஆம் ஆண்டிலே சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வண்ணார்பண்ணையிலே நூல்களை அச்சிட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்தபோது, பொருண்முட்டு அவரை விட்டபாடில்லை. உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887 இலே வெளியிடுமுன், பிரதி வாங்குவோரிடம் கையொப்பம் பெற்றே அச்சுச் செலவுக்கு வழி தேடினார். பாரதியார் 1920 இலே தம் நூல்கள் யாவற்றையும் 40 பகுதிகளாக்கி, பகுதிக்கு 10,000 பிரதிகள் அச்சிடத் திட்டம் வகுத்து, நண்பர்களிடம் கடன் வேண்டிச் சுற்றுக்கடிதம் விடுத்தார். அன்றாடம் வீட்டுக்கு வேண்டிய பொருள்களைப் போலத் தம் நூல்கள் விலைப்படுமென்று அவர் நம்பினார். பணம் வந்து சேரவில்லை; மறு ஆண்டிலே அவர் மறைந்தார். அக்கடிதத்தை வரப்பெற்றோர், இன்று நாம் பிறந்த நாளும் நினைவு நாளும் கொண்டாடும் ஒருவரிடமிருந்து அது வந்ததென்பதை அன்று உணர்ந்திலர். இன்று நம் கைக்கு வரும் அழைப்பிதழ்களுள் அத்தகைய தொன்று இருத்தல் கூடுமென்பதை நாமும் உணர்வதில்லை.

இனி நம் நாட்டுக் கதை இலக்கியத்தைப் பார்ப்போம். சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' 1885 இலும், திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இலும் வெளிவந்தன. எனினும், தனித்தனியே முளைத்த செடிகள் தோட்டமானது சங்கங்களாலும் சஞ்சிகைகளாலுமேயாம். நா. பொன்னையா நடத்திய 'ஈழகேசரி' 1930 முதல் 1958 வரை இளம் எழுத்தாளர்க்கு இடமளித்தது. 1943 இலே யாழ்ப்பாணத்திலே இளைஞர் சிலர் கூடி மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். 1946 முதல் 1948 வரை 'மறுமலர்ச்சி' என்னும் சஞ்சிகை அச்சிலே உலாவிற்று. அவர்களுள் ஒருவராகிய வரதர் பின்னர் அச்சகம் நடத்தி, தம் நூலோடு பிறர் நூலையும் வெளியிட்டார்.

இவ்வரிசையிலே யாவரினும் விரிவாக எண்ணத்தக்கவர் டொமினிக் ஜீவா (1927–2021). பள்ளிப்படிப்பை இளமையிலேயே நிறுத்த நேர்ந்தவர். யாழ் நகரச் சலூனிலே முடிதிருத்துந் தொழில் செய்துகொண்டே கதை எழுதியவர். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அத்துடன் அமையாது, 1966 இலே 'மல்லிகை'யைத் தொடங்கி, இடையிடையே தடைப்பட்டபோதும் 2012 வரை நடத்தினார். ஆசிரியரும் அவரே, முகவரும் அவரே. இதழ்களைப் பையிலிட்டுத் தெருத்தெருவாக நடந்து கையிற் கொடுத்துக் காசு பெற்றார். தம் கதையை மட்டுமா விற்றார்? புதியவர் கதையை வெளியிட்டார். சிங்கள எழுத்தாளரின் கதைகளைத் தமிழிலே தந்தார். நம் கலைஞர், எழுத்தாளர் படங்களை அட்டையிலே பொறித்து மக்களுக்கு முகங்காட்டினார். மல்லிகைப் பந்தல் என்னும் பெயரால் பலர் நூல்களையும் வெளியிட்டார். தாளுக்கும் மைக்கும் பெருந்தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்தையும் கடந்து நின்ற முயற்சி அது.

நம் கல்லூரிகளிலே எத்தனை பட்டதாரிகள் உருவாயினர்! அவர்கள் செய்யாததை, கல்லூரி வாயிலை மிதிக்கும் வாய்ப்பே பெறாத ஒருவர் செய்தார். இது நம் தலைகுனிவுக்காகச் சொல்லப்பட்டதன்று. இலக்கியச் சமுதாயத்தை அமைப்பதற்கு வேண்டுவது பட்டமுமன்று, பெரும்பணமுமன்று. பிறர் எழுத்தையும் தம் எழுத்தாக எண்ணிச் சுமக்கும் தோள் என்பதை அறிதற்காகவே சொல்லப்பட்டது.

வாசகர் இலர் என்பதும் முழு உண்மையன்று. 1970களிலே இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்திலே, வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. அவ்வரிசையிலே வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' மக்கள் விரும்பிப் படித்த நாவலாகி, 1978 இலே திரைப்படமாகவும் வந்தது. நூலைக் கண்ணிற் காட்டிக் கையிற் கொடுப்பார் இருந்தால் வாங்குவாரும் இருப்பர். அம்முயற்சி ஓய்ந்தபின், எழுத்தாளர் மீண்டும் தம் கைப்பொருளையே நம்ப நேர்ந்தது.

இன்று நாம் அவர்க்குச் செய்வது யாது? வெளியீட்டு விழாவுக்குச் செல்கின்றோம். தலைமையுரை, வாழ்த்துரை, நயப்புரை, ஏற்புரை என உரைகள் நிரலே நிகழ்கின்றன. "நூல் நேற்று மாலையிலேதான் கைக்கு வந்தது, முழுமையாகப் படிக்க இயலவில்லை" என்னும் முன்னுரையோடு நயப்புரையாளர் அரைமணி நேரம் பேசுகின்றார். நாம் வரிசையிலே சென்று, கடித உறையிலே பணமிட்டுக் கொடுத்து, பிரதியைப் பெற்றுப் படத்துக்கும் நின்று வீடு திரும்புகின்றோம். பிரதி அலுமாரிக்குட் செல்லுகின்றது; அதன் பக்கங்கள் திறக்கப்படுவதில்லை.

உறையிலே இட்ட பணம் எழுத்தாளரின் கடனைத் தீர்க்கும் என்பது உண்மை, அதனைக் குறைகூறேன். ஆயின், திருமண வீட்டு மொய்க்கும் இதற்கும் வேறுபாடு வேண்டாவோ? மொய் கொடுப்பவர் மணமக்களுக்கு உதவுகின்றார். நூல் வாங்குபவர் எழுத்தை ஏற்கின்றார். படியாது வாங்கிய நூல், உண்ணாது எழுந்த விருந்து போன்றது. சமைத்தவர்க்கு அதனினும் மனத்தாங்கல் வேறில்லை.

"தாமே அச்சிடும் நூல்களிலே தரமற்றவை பல. தட்டிக் கேட்பார் இன்மையால் யார் வேண்டுமாயினும் நூலாசிரியராகிவிடுகின்றார். அவற்றையெல்லாம் நாம் படிக்கவேண்டுமோ?" என்று கேட்பாருமுண்டு. இவ்வினா நேர்மையானதே. பதிப்பகத்தின் வழியாக வரும் நூலைப் பதிப்பாசிரியர் ஒருவர் படித்துக் குறைப்பார், திருத்துவார். தாமே அச்சிடுபவர்க்கு அத்துணை இல்லை. அத்துணையாக அமைய வேண்டியதுதான் எழுத்தாளர் வட்டம். ஒருவர் நூலை மற்றவர் புகழ, மற்றவர் நூலை இவர் புகழும் கூட்டம் வட்டமாகாது. அஃது ஒருவர் முதுகை ஒருவர் சொறிவதேயாம். கதை அச்சுக்குப் போகுமுன் கையெழுத்துப் படியாகவே நால்வர் முன்னிலையில் வாசிக்கப்படல் வேண்டும். "இங்கே கதை தளர்கின்றது, இப்பாத்திரம் நம் ஊரவர்போற் பேசவில்லை, இவ்வதிகாரம் மிகை" என்று அன்போடும் அச்சமின்றியும் சொல்லுவார் வேண்டும். முகத்தெதிரே பாராட்டிப் புறத்தே பழிப்பதினும், முகத்தெதிரே குற்றங்காட்டிப் புறத்தே பரிந்து பேசுவதே நட்பாகும்.

நன்னூலார் பாயிரத்துக்கு வகுத்த இலக்கணத்தை இவ்வட்டத்துக்கும் கொள்ளலாம். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டனையும் பாயிரம் உணர்த்த வேண்டுமென்றார். இவ்வெட்டினுள் புகழுரை இடம்பெறாமை நோக்குக. இந்நூல் எதனைப் பற்றியது, யார் படித்தற்குரியது, படித்தவர் பெறுவது யாது என்னும் மூன்றையேனும் தெளிவாகச் சொல்லும் மதிப்புரை ஒன்று, மாலை மரியாதை பத்தினும் எழுத்தாளர்க்குப் பயன் தரும்.

இனி, நம் மூவர் கடமைகளைச் சுருங்கச் சொல்லுவேன்.

ஆசிரியராகிய நாம், கல்லூரி நூலகத்துக்கு நம் நாட்டுக் கதைநூல்களை ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்குவித்தல் வேண்டும். அன்பளிப்புப் பிரதி கேட்டல் ஆகாது. கடன்பட்டு அச்சிட்டவரிடம் இலவசம் கேட்பது அறமன்று. பாடத்திட்டத்துக்குப் புறம்பானதெனினும், தவணைக்கு ஒரு புதிய நூலை உயர்தர வகுப்பினரோடு கலந்து படித்தல் இயலாத காரியமன்று.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழும் நீவிர் ஒன்றுகூடல்களுக்கும் இராப்போசனங்களுக்கும் செலவிடுவதிலே ஒரு சிறு கூறு, கல்லூரி வளர்த்த எழுத்தாளரின் நூல்களை வாங்குதற்குப் போதும். வாங்கியபின் படித்து, நான்கு வரியிலே கடிதம் எழுதுங்கள். காசோலையினும் அக்கடிதத்தை அவர் நெடுநாள் பேணுவார். வாங்கிய நூலைக் காத்தலும் உங்கள் பணியே. 1981 இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபின், எத்தனையோ சிறுநூல்கள் தனியார் வீட்டு அலுமாரிகளிலேதான் தேடப்பட வேண்டியவாயின. 2005 இலே தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தார் பழைய நூல்களைப் படியெடுப்பதற்கும் எங்கோ ஒரு வீட்டிலே ஒரு பிரதி எஞ்சியிருத்தல் வேண்டும். 300 பிரதி அச்சான நூலுக்கு உங்கள் அலுமாரியே அரண்.

மாணவர்களே, நீங்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்துங்கள். எழுதியதை ஒருவர்க்கொருவர் வாசித்துக் காட்டித் திருத்திக் கொள்ளுங்கள். உங்கள் ஊரிலே நூல் வெளியிட்ட ஒருவரை அழையுங்கள். அழைக்குமுன் அவர் நூலைப் படித்துவிடுங்கள். நூலிலுள்ள ஓர் இடத்தைச் சுட்டி நீங்கள் கேட்கும் ஒரு கேள்வி, மேடையிலே போர்த்தும் பொன்னாடையினும் அவர்க்குப் பெருமை தரும்.

விழா மலர்கள் கட்டடங்களைப் பற்றியும் வெற்றிக் கிண்ணங்களைப் பற்றியும் பெருமையோடு பேசுவன. பேசுக, தகும். ஆயினும், ஒரு கல்லூரி தமிழை வளர்த்தது என்று சொல்லவேண்டுமாயின், அதன் மக்கள் எழுதிய நூல்களுக்கு அதன் மக்களே பாயிரம் உரைத்தனர் என்பதும் அங்கே எழுதப்படல் வேண்டும். உரைக்குமுன் படித்தல் வேண்டும். படிக்குமுன் வாங்கல் வேண்டும். இம்மூன்றையும் நாம் செய்வோமாயின், நம் எழுத்தாளர் பையைத் தோளினின்றும் இறக்கிவைத்து, அடுத்த கதையை எழுதுவதற்கு மேசைமுன் அமர்வர்.