புலிகேசி நகரில் சிவகாமியின் சபதம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரேசர் டவுன் பக்கம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தோம். எட்டாவது படிக்கும் என் மகள் ஒரு கன்னட போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்பா, வில்லன் பேரை எதுக்கு ஏரியாவுக்கு வெச்சிருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்டாள். போர்டில் இருந்தது 'புலிகேசி நகர்'. ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது :)

தப்பு அவள் மேல் இல்லை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு 'சிவகாமியின் சபதம்' படித்துக் காட்டுகிறவன் நான்தான். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள். பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளில் நிறையப் பேர் இப்படித்தான். இவர்களைத் தமிழுக்குள் இழுத்து வரக் கல்கியை விட்டால் நல்ல கயிறு எனக்குத் தெரிந்து இல்லை. அந்தக் கயிற்றில் இப்படி ஒரு முடிச்சு இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் ஆபீசில் இதைச் சொன்னேன். பக்கத்து சீட்டு அதிகாரி பாகல்கோட் மாவட்டத்துக்காரர். கதையில் வாதாபி என்று வருகிற பாதாமி அங்கேதான் இருக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தார். "சார், எங்க ஊர்ல புலிகேசின்னா ராஜ்குமார்!" என்றார். 1967-ல் வந்த 'இம்மடி புலிகேசி' படத்தில் ராஜ்குமார்தான் நாயகன். வடக்கே ஹர்ஷரையே தடுத்து நிறுத்திய ராஜா. "உங்க கதையில அவர் என்ன பண்றார்?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். கல்கி இந்த நாவலை 1944 முதல் 1946 வரை தம் பத்திரிகையில் தொடராக எழுதினார். ஸ்காட், டூமா இருவரின் சாயலும் அவரிடம் உண்டு என்று விமர்சகர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அது குற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல எழுத்தாளன் நல்ல வாசகனாகவும் இருப்பான், அவ்வளவுதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' 1819-ல் வந்தது. சாக்ஸன்களுக்கும் நார்மன்களுக்கும் உள்ள பகைதான் கதை. ஸ்காட் எழுத உட்கார்ந்த காலத்தில் அந்த இரண்டு கூட்டமும் எப்போதோ கலந்து ஒன்றாகிவிட்டன. கோபித்துக்கொள்ள ஆள் இல்லை. கல்கி அதே மாதிரியில் கதை செய்தார். இங்கேயோ இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் மொழியோடு உயிரோடு இருக்கிறோம், அதுவும் ஒரே அபார்ட்மெண்டில், ஒரே லிஃப்டில்!

என் அக்கா பையன் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பைத்தியம். அதை எழுதிய ஜார்ஜ் மார்ட்டின், பிரெஞ்சு ராஜ வம்சத்தைப் பற்றி மாரிஸ் த்ருவோன் எழுதிய சரித்திர நாவல்களை விரும்பிப் படித்தவர். அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் தன் கதைக்கு நாடு, ராஜா, கோட்டை எல்லாவற்றையும் கற்பனையாக வைத்துக்கொண்டார். யாருடைய முப்பாட்டனும் அதில் வில்லன் இல்லை. சரித்திர நாவல் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. படிக்கிற நமக்கும் கிடையாது.

நான் பி.காம். படித்தவன். எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருக்கும் என்பதுதான். 634-ல் ஐஹொளெயில் ரவிகீர்த்தி என்ற புலவர் பொறித்த கல்வெட்டு, பல்லவ ராஜா புலிகேசிக்குப் பயந்து காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதாகச் சொல்கிறது. பல்லவர்களின் கூரம் செப்பேடோ, மணிமங்கலம் முதலிய போர்களில் நரசிம்மவர்மன் புலிகேசியின் முதுகிலேயே வெற்றி என்று எழுதியதாகச் சொல்கிறது. இரண்டும் அரசாங்க ஆவணம்தான்! ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற ஆடிட்டர் உருப்படுவாரா?

கல்கியைக் குறை சொல்லவில்லை. சிவகாமி, நாகநந்தி எல்லாம் அவர் கற்பனை. ஆனால் வாதாபி எரிகிற இடத்தை அவர் கொண்டாட்டமாக எழுதவில்லை. படையை நடத்திய பரஞ்சோதியே அந்த அழிவைக் கண்டு மனம் வெறுத்துப் போகிறார். பிறகு சிறுத்தொண்டராகிறார். வரவுப் பக்கத்தையும் கல்கி கொஞ்சம் எழுதித்தான் வைத்திருக்கிறார். நாம்தான் சபதத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம்.

இதெல்லாம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். 2016 செப்டம்பரில் காவிரிக்காக இந்த ஊரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. தமிழ்நாட்டு நம்பர் வைத்த என் பைக்கை ஆபீசிலேயே விட்டுவிட்டு அன்று நடந்தே வீட்டுக்குப் போனேன். வாசலில் காத்திருந்து கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் மாடி வீட்டுக் கன்னடக்காரர். அப்படிப்பட்ட நாட்களில் ராஜாக்களின் பழைய கணக்கைத் தோண்டி எடுக்க இரண்டு பக்கமும் ஆட்கள் உண்டு. என் மகள் அந்த வரிசையில் நிற்கக் கூடாது.

அதனால் இப்போது ஒரு ஏற்பாடு. நாவல் முடிந்ததும் கல்கி எழுதாத ஒரு பின்கதையைச் சொல்லப்போகிறேன். வாதாபி எரிந்து சுமார் நூறு வருஷம் கழித்து, புலிகேசியின் வம்சத்தில் வந்த இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் கைலாசநாதர் கோயிலை இடிக்கவில்லை. அதன் செல்வத்தைச் சாமிக்கே திருப்பிக் கொடுத்தான். அதை அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் பொறித்தும் வைத்தான். அந்தக் கோயிலைப் பார்த்துத்தான் பட்டதக்கல்லில் அவன் ராணி கட்டிய கோயிலும் எழுந்தது என்கிறார்கள்.

வருகிற லீவில் காஞ்சிபுரம் போகிறோம். அது பழைய கன்னட எழுத்து, மகளால் படிக்க முடியாது. இருந்தாலும் அந்தத் தூணை அவள் பார்க்க வேண்டும். பாகல்கோட் சாரும் குடும்பத்தோடு வருகிறேன் என்றிருக்கிறார். வழியில் கல்கி கதையை அவருக்குச் சொல்ல வேண்டுமாம். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வீட்டில் பிள்ளைகளுக்குக் கல்கியை எப்படிச் சொல்கிறீர்கள்?