நெஞ்சுநோவும் முதல் மணி நேரமும்

திருகோணமலைக் கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மான்கள் மேயும் நிழற்பாதையைக் கடந்து, சுவாமிமலை உச்சியிலுள்ள கோணேசர் சந்நிதானத்தை நோக்கி ஏறும் அடியார்களுள், ஐம்பதைத் தாண்டிய சிலர் ஏற்றத்தின் நடுவே நின்று, மார்பின் மத்தியில் உள்ளங்கையை அழுத்திப் பிடித்தபடி இரண்டொரு நிமிடம் இளைப்பாறி, நோ தணிந்ததும் மறுபடி நடப்பதைக் காணலாம். என்ன சுகவீனம் என்று வினவினால், பெரும்பாலோர் சொல்வது "வாய்வுக் குத்து" என்பதுதான். இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹெபர்டன், நடக்கும்போதும், விசேஷமாக மேட்டில் ஏறும்போதும், உணவு உண்ட சற்றைக்குள்ளும் மார்பைப் பிடித்து, நின்ற மாத்திரத்தில் நீங்கிவிடும் ஒரு நோவைத் தம் சக வைத்தியர்களுக்கு 1768 இல் விவரித்துரைத்தார். இருதயத் தசைக்கு வேண்டிய இரத்தம் வேண்டிய வேளையில் போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்தும் அதை நாம் வாய்வின் கணக்கில் எழுதிவருவது மிகுந்த வேதனைக்குரிய விஷயம்.

முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதுபோல, இருதய நாடிகளின் உட்சுவரில் கொழுப்பு வருஷக் கணக்காய்ப் படிந்து வழியைக் குறுக்குகிறது. ஒரு நாள் அப்படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழி முற்றாக அடைபடும்போது அது மாரடைப்பாகிறது. அப்போது நோ ஓய்வினால் தணிவதில்லை. இடது கைக்கும் தாடைக்கும் முதுகுக்கும் பரவி, குளிர்ந்த வியர்வையையும் குமட்டலையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அவ்வேளையில் நம் வீடுகளில் நடப்பது என்ன? இஞ்சிப் பிளேன்டீ வைக்கப்படுகிறது; ஓமத்தண்ணீர் கொடுக்கப்படுகிறது; தைலம் தேய்க்கப்படுகிறது; விடியட்டும் பார்ப்போம் என்று சொல்லப்படுகிறது. விடிவதற்குள் தசை இறந்துவிடுகிறது. இறந்த தசை மீள்வதில்லை. சீனி வருத்தக்காரருக்கும் பெண்கள் பலருக்கும் நெஞ்சுநோவே இல்லாமல், மூச்சுத் திணறலாகவோ, காரணமற்ற களைப்பாகவோ, மேல்வயிற்றுப் பாரமாகவோ அது வருவதுண்டு. வீட்டார் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தன் களைப்பை ஒருவருக்கும் சொல்லாமல் படுத்துக்கொள்ளும் தாய்மாரையே இவ்விடத்தில் நான் முதலில் நினைக்கிறேன்.

இம்மாவட்டம் கடலாலும் களப்பாலும் கூறுபட்டது. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படும்வரை நோயாளியும் பாதை எனும் மிதவையில் ஏறியே துறையைக் கடக்க நேர்ந்தது. மூதூரார் லோஞ்சை நம்பியிருந்தனர். அந்தத் தடை இன்று நீங்கிவிட்டது. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய நன்கொடையுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றி வருகிறது. ஆட்டோவைத் தேடி அயலவரை எழுப்பும் நேரத்தில் அந்த இலக்கத்தை அழைப்பதே உத்தமம். அதில் வருபவர்கள் பயிற்சி பெற்றவர்கள், பிராணவாயுவும் அவர்கள் கையில் உண்டு. உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்ற மருந்து பன்னிரண்டு மணி நேரம்வரை பயன் தரலாமாயினும், முதல் ஓரிரு மணிக்குள் செலுத்தப்படும்போதே அது முழுப் பலனைத் தருகிறது.

ஆகையால், நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு இருதய நாடிச் சிகிச்சைக்கான சகல வசதியும் வேண்டும் என்ற கோரிக்கையை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கின்ற போதிலும், வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் புல்மோட்டையிலும் நள்ளிரவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தால் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து, அதைக் கைத்தொலைபேசியில் நகரத்து விசேட வைத்தியருக்கு அனுப்பி, அவர் சொற்படி சிகிச்சையை அங்கேயே தொடங்க முடிகிறதா என்பதையே முதற் கேள்வியாகக் கேட்பேன்.

நோய் வராமற் காப்பதற்கும் வழி தெரியாத காலமன்று இது. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தின் பத்தில் ஒன்பது பங்கு ஒன்பது காரணங்களுக்குள் அடங்குவதாகக் கண்டது. புகைத்தல், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சீனி, வயிற்றுப் பருமன், மனச்சுமை ஆகியன அவற்றுட் சில. தென்னாசியருக்கு மாரடைப்பு மற்றையோரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முந்தி வருவதும் அவ்வாய்வின் தரவுகளிற் புலப்பட்டது. யுத்தத்தையும் ஆழிப்பேரலையையும் அனுபவித்த ஜனங்களிடையே மனச்சுமையைச் சிறு காரணமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உப்போ, நாளொன்றுக்கு 5 கிராமுக்குட்பட வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் பொரித்த அப்பளமும் ஒரே தட்டில் சேரும் மதிய போசனம் அந்த அளவின் பெரும்பகுதியைத் தனியே தின்றுவிடும். கரைவலை இழுக்கும் உடம்புக்கு இந்நோய் வராது என்பதும் தப்பபிப்பிராயமே. பீடியும் அழுத்தமும் உழைப்பாளியையும் விடுவதில்லை. அழுத்தம் குறைந்துவிட்டதென்று குளிசையைத் தாமாகவே நிறுத்துவோர், குறைத்தது அக்குளிசைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முப்பத்தைந்தைக் கடந்தோரை இலவசமாகப் பரிசோதிக்க அரசின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் இரவெல்லாம் கடலில் நின்று, காலையில் மீனை விற்றுவிட்டு உறங்கச் செல்பவன் காலை நேரத்துக் கிளினிக்குக்கு எப்படிப் போவான்? பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, ஒரு மேசை, ஓர் அழுத்தமானி, சீனி பார்க்கும் கருவி, ஒரு தாதி ஆகிய இவ்வளவையும் மீன் இறங்குதுறைகளுக்கே அனுப்பிவைக்க வேண்டும். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் அறிவித்து, படகு தள்ளப் போகுமுன் ஒவ்வொருவரும் கையை நீட்டி அளந்துகொண்டு போகும்படி செய்வது கடற்றொழிலாளர் சங்கங்களின் பொறுப்பு.