மாநில அந்தஸ்தும் காரைக்கால் வாய்க்காலும்

புதுச்சேரி சட்டசபையில் மாநில அந்தஸ்துத் தீர்மானம் நிறைவேறும்போதெல்லாம் அங்கிருக்கும் பழைய அலுவலக நண்பர் எனக்குப் போன் செய்துவிடுவார். பத்துத் தடவைக்கு மேல் நிறைவேறிவிட்டது. மற்ற எதில் சண்டை போட்டாலும் இதில் எல்லாக் கட்சியும் ஒன்று. எனக்கு உற்சாகம் வருவதில்லை. "இருபது வருஷம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றவர் இப்படிப் பேசலாமா?" என்று கோபித்துக்கொள்வார்.

அவர் பக்க நியாயம் எனக்கும் தெரியும். மக்கள் தேர்ந்தெடுத்த 30 பேர் உட்காரும் சபையில் 3 பேரை டில்லி நியமிக்கிறது. இங்குள்ள அரசைக் கேட்க வேண்டியதில்லை. 2018ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது. வருத்தம்தான்.

ஆனால் டில்லி தங்களுக்குச் செய்கிறது என்று சொல்வதைத்தானே இவர்கள் காரைக்காலுக்குச் செய்கிறார்கள்! உள்ளாட்சித் தேர்தல் 1968ல் நடந்தது. அடுத்தது 2006ல், அதுவும் கோர்ட்டு சொன்ன பிறகு. நடுவில் 38 வருடம். 2011ல் அவர்கள் காலம் முடிந்ததும் மறுபடி எல்லாம் அதிகாரிகள் கையில். நகராட்சிச் சட்டமும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் 1973லேயே போட்டாயிற்று. இந்தத் தேர்தலை நடத்த மாநில அந்தஸ்து எதற்கு?

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 1880லேயே இங்கே கொம்யூன் வந்தது, மேர் வந்தார். (அந்தக் காலத்துத் தேர்தல் அடிதடிகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பிரெஞ்சுக்காரனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.) 1954 அக்டோபர் 18ந் தேதி கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேர் யார்? சட்டசபை உறுப்பினர்களும் கொம்யூன் கவுன்சிலர்களும்தான். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். அவ்வளவு பெரிய முடிவுக்குக் கவுன்சிலர்கள் வேண்டியிருந்தது. இப்போது தெருவிளக்கைப் பற்றிச் சொல்லக்கூட ஒரு கவுன்சிலர் இல்லை.

புதுச்சேரியில் வேலை பார்த்தபோது காரைக்கால் கோப்புகள் என் மேஜைக்கு வரும். ஒரு வாய்க்காலைத் தூர்வாரச் சின்னத் தொகை கேட்டிருப்பார்கள். 130 கிலோமீட்டர் கடந்து வந்த தாளில் 'விவரம் போதவில்லை' என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவேன். அந்த வாய்க்காலை நான் பார்த்ததே கிடையாது. கோப்பு மறுபடி வருவதற்குள் ஐப்பசி மழை வந்து தண்ணீர் வீட்டுக்குள் ஏறியிருக்கும். இதில் டில்லி எங்கே வந்தது? நாளைக்கே மாநிலம் ஆனாலும் அந்தக் கோப்பு அதே மேஜைக்குத்தான் போகும். 30 தொகுதியில் 23 புதுச்சேரியில், எங்களுக்கு 5.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். "மாநிலம் வரட்டும், எல்லாம் தானாக நடக்கும்" என்றார். "அடுத்த தீர்மானத்துக்குப் போன் செய்யும்போது உள்ளாட்சித் தேர்தல் தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பேத்தி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காததைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.